பூசையில் வைத்த ஐந்தாம் பாகம்

டெய்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த பதவியின் பெயர் நூலகர். செய்த வேலைகள் வேறு. காலையில் ஃபீஸ் கவுண்டர், மத்தியானம் ஜெராக்ஸ், எந்த டீச்சராவது லீவு போட்டால் அந்த வகுப்பில் போய் உட்காருவது. சாயங்காலம் எரியோடு பக்கம் போகிற ஸ்கூல் பஸ்ஸில் கடைசிப் பெண்பிள்ளை இறங்கும் வரை துணைக்குப் போய், காலி பஸ்ஸில் திரும்பி வருவது. நூலக வேலை என்று ஒன்று இருந்தது என்றால், அது கண்ணாடி பீரோவின் சாவியைக் கைப்பையில் வைத்திருந்ததுதான்.

அந்த பீரோ ஆபீஸ் ரூமுக்கு வெளியே, பெற்றோர் உட்காரும் நாற்காலிகளுக்கு எதிரே நின்றது. அதை அங்கே வைக்கச் சொன்னவர் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் பொம்மையன். அட்மிஷனுக்கு வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும், ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் கண்ணில் படவேண்டும், பிள்ளைகள் கை மட்டும் படக்கூடாது. "கைல குடுத்தா நாலே நாள்ல நார்நாராக்கிருவாங்கம்மா. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கட்டும். ஆசை வரட்டும்" என்பார். ஆசை வந்த பிள்ளை அதற்கப்புறம் என்ன செய்யவேண்டும் என்று அவர் சொன்னதில்லை.

டெய்சியின் வீடு நாகல் நகரில், வாடகைக்கு. கணவன் ஸ்தனிஸ்லாஸ் டைல்ஸ் ஒட்டுகிறவன். வேலை இருந்தால் மதுரையிலோ கரூரிலோ கிடப்பான், இல்லாவிட்டால் வீட்டில் கிடப்பான். மகன் ஜெரின் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஊழியர் பிள்ளை என்பதால் அவனுக்குக் கட்டணம் கிடையாது. அவள் வாங்கிய சம்பளத்தைவிட அதுதான் பெரிது. அவள் வேலை போன அன்றைக்கே அவனும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், பொம்மையனுக்கும் தெரியும். அதனால்தான் ஜெராக்ஸும் ஃபீஸ் கவுண்டரும் பஸ் டியூட்டியும் அவள் தலையில் விழுந்தன. அவள் வாய் திறக்கவில்லை.

பீரோவில் இருந்தவற்றிலேயே பளபளப்பானது 'நிழல்துறை' என்கிற கதை வரிசை. எட்டுப் பாகம். எட்டையும் வரிசையாக அடுக்கினால் முதுகுகள் சேர்ந்து ஒரு பாய்மரக் கப்பல் படம் வரும். பொம்மையன் அதை வாங்கியதே அந்தக் கப்பலுக்காகத்தான். உள்ளே என்ன கதை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

டெய்சிக்கும் முதலில் தெரியாது. பரீட்சைக்குப் படித்த கைடுகளையும் ஜெபப் புத்தகத்தையும் தாண்டி அவள் எதையும் முழுதாக வாசித்தவள் இல்லை. ஒருநாள் சாயங்காலம் காலி பஸ்ஸில் பொழுது போகாமல் முதல் பாகத்தைப் பிரித்தாள். பிறக்கிற ஒவ்வொருவரின் நிழலையும் வரியாகப் பிடுங்கிக்கொள்ளும் ஒரு துறைமுக ராஜா. நிழல் இல்லாமல் வளர்ந்த வேம்பி என்கிற பெண். அவள் தம்பி கோடன். கூடவே ஒற்றை இறக்கைக் கொக்கு ஒன்று, எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்லிக்கொண்டு. பறிபோன நிழலைத் தேடி இவர்கள் மூவரும் எட்டுத் தீவுக்குப் போகிறார்கள், பாகத்துக்கு ஒரு தீவு. அன்றைக்கு பஸ் பள்ளிக்குள் வந்து நின்றதுகூட டெய்சிக்குத் தெரியவில்லை. டிரைவர் வந்து, "யக்கா, எறங்குற எண்ணம் இருக்கா? நான் டீசல் போடணும்" என்றார்.

எட்டையும் அந்த பஸ்ஸிலேயே முடித்தாள். முடித்ததும் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஸ்தனிஸ்லாஸிடம் ஆரம்பித்தாள். கொக்கு பேசும் இடம் வருவதற்குள் அவன் குறட்டை விட்டான். ஜெரினிடம் ஆரம்பித்தாள். "இதுல கேம் இருக்காம்மா?" என்றான்.

மிச்சம் இருந்தது பவித்ரா. எட்டாம் வகுப்பு. எரியோட்டுக்குத் தெற்கே தோட்டத்து வீடு. அந்த பஸ்ஸில் கடைசியாக இறங்குகிறவள். மற்றவர்கள் எல்லாம் இறங்கிய பிறகு அவளும் டெய்சியும்தான்.

"கொக்கு பேசுமா டீச்சர்? எங்க தோட்டத்துக்கு வர்ற கொக்கெல்லாம் வாயே தெறக்காது."

"இது தெறந்தா மூடாது."

"நான் படிச்சுப் பாக்கட்டுமா?"

பீரோவைத் திறந்து பிள்ளை கையில் புத்தகம் கொடுத்தது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பவித்ராவின் முகம் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல அவளால் ஆகவில்லை.

மறுநாள் ஒரு தந்திரம் செய்தாள். பள்ளி வாசலில் பையைச் சோதிப்பார்கள். பாடப் புத்தகம் தவிர எது இருந்தாலும் பறித்துவிடுவார்கள். பவித்ராவின் அம்மா சின்னக்கண்ணுவோ கதைப் புத்தகம் என்றாலே எரிந்துவிழுகிறவள். ஆகவே டெய்சி முதல் பாகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டாள். மேலே லேபிள் ஒட்டி, 'அறிவியல் - பயிற்சி நூல், பவித்ரா, எட்டாம் வகுப்பு' என்று தன் அழகான கையெழுத்தில் எழுதினாள். அடுத்தடுத்த பாகங்களுக்கும் அதே அட்டையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பீரோவில் விழுந்த ஓட்டைக்கு முன்னால் விளையாட்டு விழாக் கோப்பை ஒன்றைத் தூக்கி வைத்தாள்.

"ஆரம்பத்துல மெதுவாத்தான் போகும், பொறுத்துக்கோ" என்று சொல்லிக் கொடுத்தாள். "ரெண்டாம் பாகம் எனக்கே அம்புட்டாப் பிடிக்கல, சும்மா வெட்டுக் குத்து. ஆனா அதத் தாண்டிக் குதிச்சிறாத, அதுல வர்ற கெழவன் பின்னால வேணும். மூணாம் பாகம் படிக்கிறப்ப வீட்டுல வேலை ஏதும் வச்சுக்காத. யார் கூப்பிட்டாலும் காதுல விழாது."

அப்படியே நடந்தது. மூன்றாம் பாகத்தின்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பவித்ரா முதுகில் ஒன்று வாங்கினாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்போடு நிற்கவில்லை, கதையை பஸ்ஸில் எடுத்துவிட ஆரம்பித்தாள். பள்ளியை விட்டு பஸ் கிளம்பியதும் சின்னப் பிள்ளைகள் அவள் சீட்டைச் சுற்றிக்கொள்ளும். கொக்கு பேசும் இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். ஆறாம் வகுப்புத் தமிழ்மதிக்கு இறங்கும் இடம் வந்துவிட்டால் அழுகை வந்துவிடும். "இன்னும் ஒரே ஒரு வரி, அக்கா!" டிரைவர் ஹாரன் அடிப்பார். "ஏ பாப்பா, அந்தக் கொக்கு நாளைக்கும் இருக்கும், எறங்கு!" அவருக்கும் கதை தெரிந்திருந்தது.

புத்தகம் பவித்ராவுக்கு எப்படிக் கிடைத்தது என்று பிள்ளைகள் கேட்கவில்லை. அவளே இட்டுக்கட்டிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வருவாள் டெய்சி. அவளுடைய நாளில் நல்லதாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஆயுத பூசை லீவு விடுவதற்கு முந்தின நாள் பவித்ரா ஐந்தாம் பாகத்தில் இருந்தாள். டெய்சி திருப்பிக் கேட்டாள். "சாம்பக் கடல் நடுவுல கொக்கு கோடனக் கீழ போட்டுருச்சு டீச்சர். இப்பப் போயி கேக்குறீங்க! லீவு முடிஞ்சு கொண்டாந்துர்றேன்" என்றாள் பவித்ரா. டெய்சிக்கு அந்த இடம் தெரியும். அந்த இடத்தில் புத்தகத்தைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது. சரி என்றாள்.

ஆயுத பூசை அன்று காலையில் பள்ளி வாட்ஸ்ஆப் குரூப்பில் செய்தி வந்தது. விஜயதசமி முடிந்த மறுநாளே ஆய்வுக்குழு வருகிறது. எல்லாரும் இன்று மதியம் மூன்று மணிக்கு வரவேண்டும். பஸ், கம்ப்யூட்டர், லேப், நூலக பீரோ எல்லாவற்றுக்கும் கரஸ்பாண்டன்ட் நேரில் பூசை போடுவார். பீரோவைக் காலி செய்து, துடைத்து, புத்தகங்களைத் திரும்ப அடுக்கி வைக்கவும்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்கினால், கோப்பையை வைத்து இனி எதை மறைப்பது? கப்பலின் நடுப்பாயே ஐந்தாம் பாகத்தில்தான் இருந்தது.

பவித்ராவின் அப்பா நல்லுசாமியின் நம்பருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. தோட்டத்தில் செவ்வந்தி போட்டிருக்கிறவர், அன்றைக்குப் பூ மார்க்கெட்டில் போனை எங்கே எடுப்பார். டெய்சி எரியோடு பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, தோட்டத்துப் பாதையில் வேர்க்க விறுவிறுக்க நடந்தாள்.

"வாங்க டீச்சர், நல்ல நாளும் அதுவுமா!" என்று சின்னக்கண்ணு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் மணைப்பலகை. அதன்மேல் கழுவிச் சந்தனம் வைத்த மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற டேங்க். பக்கத்தில் வாழை இலையில் பொரி, கடலை, சுண்டல். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பவித்ராவின் புத்தகங்கள் அத்தனையும் அடுக்கி, ஒவ்வொரு அட்டையிலும் சந்தனக் குங்குமப் பொட்டு. நடுவில் தடியாக ஒன்று. அறிவியல் - பயிற்சி நூல்.

டெய்சிக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை ஆயுத பூசைக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பொரி வந்திருக்கிறது, சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் அவள் வீட்டில் யாரும் புத்தகத்தைச் சாமி முன்னால் வைத்ததில்லை. பாடப் புத்தகம் என்று லேபிள் ஒட்டினால் அது பாடப் புத்தகங்களோடு பூசைக்குப் போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"சின்னக்கண்ணும்மா, அந்தப் பயிற்சி நூல் ஸ்கூலுக்கு அவசரமா வேணும். வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நாளைக்கு விடியக்காலம் மறுபூசை போட்டதும் மொத வேலையா எடுத்துத் தாரேன் டீச்சர். இன்னைக்குத் தொடக்கூடாது."

"ஒண்ணே ஒண்ணுதானம்மா."

"போன வருசம் இவ அப்பிடித்தான் கணக்கு நோட்ட மட்டும் உருவுனா. அரையாண்டுல கணக்குல என்ன மார்க்குன்னு நீங்களே அவளக் கேளுங்க." சின்னக்கண்ணு சிரித்தாள். "சரஸ்வதிகிட்ட வெளையாடக்கூடாது டீச்சர். செத்த உக்காருங்க, சுண்டல் சாப்பிடுங்க."

பவித்ரா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். டெய்சி எதற்கு வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் டீச்சர் என்பது போல, அம்மாவுக்குத் தெரியாமல் மெல்லத் தலையை ஆட்டினாள்.

டெய்சியின் போன் அடித்தது. ஆபீஸ் கிளார்க். "கரஸ் சார் சீக்கிரமே வந்துட்டாரு. பீரோ சாவி எங்கன்னு கேக்குறாரு."

"வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்க."

சுண்டல் கையிலேயே இருந்தது. ஜெரினின் யூனிஃபார்ம் ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டையில் பள்ளி முத்திரை தைத்த பாக்கெட். அதைப் பிரித்தெடுத்தால் துணியில் தடம் இருக்கும் என்று ஏனோ நினைத்தாள். பிறகு, பவித்ரா இருந்த பக்கம் பார்க்காமல், "அது பாடப் புத்தகம் இல்லம்மா. கதைப் புத்தகம். பூசைக்கு உண்டானது இல்ல. எடுத்தா தப்பில்ல" என்றாள்.

சின்னக்கண்ணுவுக்கு ஒரு கணம் புரியவில்லை. ஐந்தாவது வரை படித்தவள். குனிந்து லேபிளை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு அடுக்கிலிருந்து அந்தப் புத்தகத்தை உருவினாள். மேலே இருந்தவை சரிந்து பொரியில் விழுந்தன. அட்டையை விலக்கினாள். கப்பலும் கொக்கும் தெரிந்தன.

"சாமி முன்னால களவாணிப் புஸ்தகத்த வச்சுக் கும்புட்ருக்கேன்" என்றாள். குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பாலு பொங்கி வழிஞ்சப்பவும் இந்தக் கருமந்தானா? படிக்கிறா படிக்கிறான்னு ஒங்கப்பன்கிட்டப் பெருமை பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே. யாருடி இந்த லேபிள ஒட்டுனது?"

எழுத்து டெய்சியுடையது. ஃபீஸ் ரசீதில் சின்னக்கண்ணு மாதா மாதம் பார்க்கிற அதே எழுத்து. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவளுக்கே தெரிந்துவிடும். நான்தான் என்று சொல்ல டெய்சி வாயெடுத்தாள். டீச்சரே பொய் லேபிள் ஒட்டினாள் என்று இந்தப் பொம்பளை நாளைக்குப் பள்ளி வாசலில் வந்து நின்று கத்தினால்?

"நான்தாம்மா" என்றாள் பவித்ரா.

டெய்சி மறுக்கவில்லை.

"நானே எடுத்து, நானே ஒட்டுனேன். டீச்சருக்குத் தெரியாது."

சின்னக்கண்ணு டெய்சியிடம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிருங்க டீச்சர். திருட்டுப் பிள்ளையா வளந்துருக்கு. நீங்க நல்ல மனுசி, வெளிய சொல்லாம வீடு தேடி வந்துருக்கீங்க. ஒங்க காலத் தொட்டுக் கும்புடணும்." நிஜமாகவே குனிந்தாள். டெய்சி பதறிப் பின்னால் நகர்ந்தாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடினாள். பவித்ரா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கணக்கில் கூட்டல் தப்பாகப் போனதைப் பார்ப்பது போல, எங்கே தப்பாகப் போனது என்று தேடிக்கொண்டிருந்தாள் பிள்ளை.

பாதையில் கொஞ்ச தூரம் வந்த பிறகு வீட்டுக்குள்ளிருந்து அடி விழும் சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை. டெய்சி வேகமாக நடந்தாள்.

பஸ்ஸில் பிரவுன் அட்டையைக் கழற்றினாள். சந்தனம் உள்ளே இறங்கவில்லை. புத்தகம் புதிதாகவே இருந்தது. நடுவில் காய்ந்த செவ்வந்தி இதழ் ஒன்று இருந்தது, சாம்பல் கடலில் கோடன் விழுந்த பக்கத்தில். பத்துப் பக்கம் புரட்டியிருந்தால் கொக்கு திரும்பி வந்திருக்கும். இதழ் தாளில் கறை வைத்திருக்குமோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள். வைக்கவில்லை. இதழை ஜன்னல் வழியே போட்டாள்.

மூன்று மணிக்குக் கப்பல் முழுதாக நின்றது. பொம்மையன் பீரோக் கண்ணாடியில் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, புத்தக முதுகுகளை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. இப்பிடித்தாம்மா வச்சுக்கணும். சாவி என்கிட்டயே இருக்கட்டும், இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்."

ஆய்வுக்குழு வந்தது, டீ குடித்தது, பீரோவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. "பிள்ளைங்க இதையெல்லாம் படிக்கிறாங்களா?" என்று ஒருவர் கேட்டார். "விரும்பிப் படிக்கிறாங்க சார்" என்றாள் டெய்சி. சாவி திரும்பி வரவில்லை. அவளும் கேட்கவில்லை. வேலை இருந்தது. ஜெரின் இருந்தான்.

பவித்ரா அந்த வாரம் பள்ளிக்கு வந்தபோது அவளுடைய ஒரு புத்தகத்துக்கும் அட்டை இல்லை. எல்லாவற்றையும் அம்மா உரித்துவிட்டிருந்தாள். தினம் சாயங்காலம் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறாளாம். இதை பஸ்ஸில் வேறு பிள்ளைகள் பேசிக்கொண்டதில் டெய்சி கேட்டாள். பவித்ரா அவளிடம் பேசவில்லை. மரியாதைக் குறைவாக நடக்கவும் இல்லை. ஏறும்போது "குட் ஈவ்னிங் டீச்சர்" என்றாள், மற்ற பிள்ளைகள் சொல்வது போல.

அன்றைக்கும் பஸ் கிளம்பியதும் தமிழ்மதி அவள் சீட்டில் போய் ஒட்டிக்கொண்டாள். "அக்கா, சொல்லு. கோடன் கடல்ல விழுந்துட்டான். அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்ல."

"போக்கா. சொல்லு."

"செத்துட்டான்."

"யாரு?"

"கோடன். அப்பறம் வேம்பி. கொக்கும் செத்துருச்சு." பவித்ரா மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "எல்லாரும் செத்துட்டாங்க. கதை முடிஞ்சிருச்சு."

டிரைவர்கூடக் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பாப்பா, கொக்கையுமா கொன்னுட்ட?"

"எட்டுத் தீவுன்னு சொன்னியே. இன்னும் மூணு இருக்கே?" தமிழ்மதியின் உதடு பிதுங்கியது.

"அதெல்லாம் வெறும் அட்டைதான். உள்ள ஒண்ணும் கெடையாது. சந்தேகமா இருந்தா டீச்சரக் கேளு. அவங்கதான லைப்ரரி."

தமிழ்மதி எழுந்து, சீட்டுக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். "நெசமா டீச்சர்? கொக்கு செத்துப்போச்சா?"

டெய்சிக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்முன்னால் நின்றது. கொக்கு ஒற்றை இறக்கையை ஈரத்தோடு உதறி, இம்புட்டு உப்பில் எவனாவது குளிப்பானா என்று நொட்டை சொல்லிக்கொண்டே கோடனைக் கரைக்கு இழுத்து வரும் இடம். அதைச் சொன்னால் இந்தப் பிள்ளை இறங்கும்வரை சிரிக்கும். பின்சீட்டில் பவித்ராவும் நிமிர்ந்து பார்ப்பாள். டிரைவரும் கேட்பார். கேட்டது நாளைக்கு டீக்கடைக்குப் போகும், டீக்கடையிலிருந்து ஆபீஸ் ரூமுக்குப் போகும். பூட்டின பீரோவுக்குள் இருக்கிற கதை பஸ்ஸுக்கு எப்படி வந்தது என்று அங்கே ஒருவர் கேட்பார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் டெய்சி. "நான் அந்தப் புத்தகத்தப் படிச்சதில்ல."

பின்சீட்டில் பவித்ரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தமிழ்மதி இறங்கும் இடம் வந்தது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. அன்றைக்கு அவள் அழாமல் தானாகவே இறங்கிப் போனாள்.